கழல மறுக்கும் டிறம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பழைய வீடுகள் பலவற்றின் வளவிலே, வேலியோரமாக ஒரு கொட்டில் நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். ஓலை வேய்ந்ததாகவோ தகரம் போட்டதாகவோ அது இருக்கும். அதனுள்ளே ஒரு கார் நிற்கும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்பவற்றுள் ஒன்றாக அது இருத்தல் கூடும். வீட்டுக்குரியவர் கனடாவிலோ இலண்டனிலோ வாழ்வார். பல ஆண்டுகளின் பின்னர் அவரோ அவர் மைந்தரோ ஊர்வந்து கொட்டிலைத் திறக்கும்போது முதலில் எழும் கேள்வி, எஞ்சின் இயங்குமா என்பதே. பற்றரியை மாற்றி, கார்புரேற்றரைக் கழுவி, இரண்டொரு நாளில் எஞ்சினை இயக்கியும் விடுவர். அயலவர் கூடிநின்று மகிழ்வர். காரை வெளியே எடுக்க முயலும்போதுதான் வழக்குத் தொடங்கும். முன்சில்லுகள் உருள ஆயத்தமாக நிற்கும். பின்சில்லுகளோ வேர்விட்ட பனைபோல அசையா.

காரணம் பின்சில்லுகளின் பிறேக் டிறத்தினுள் இருக்கிறது. அந்த டிறத்தைக் கழற்றினாலன்றிக் கார் அசையாது. டிறமோ கழல மறுக்கும். அவ்வேளையில் அருகில் நிற்பவர் ஒருவர் பெரிய சுத்தியலொன்றைக் கொண்டுவருவார். குடாநாட்டுப் பழைய கார்கள் பலவற்றுக்கு அந்தச் சுத்தியலே கூற்றுவன் என்று சொன்னால் அது மிகையாகாது. எஞ்சினின் வளையங்களைப் புதிதாகப் பெறலாம், ரயரைப் பெறலாம், கதவைத் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பிரும்பிலான டிறம் வெடித்தால் அது வெடித்ததுதான். அதனை ஒட்டி மீண்டும் சில்லிற் பூட்டுவது, உயிரோடு சூதாடுவதற்கு ஒப்பாகும். அதே அளவான வேறொரு டிறத்தைத் தேடி அலைவது எத்தகைய வேலை என்பதை இக்கார்களை வைத்திருந்தவர்கள் நன்கறிவர்.

இந்தத் தேட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம் வரையில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. ஒஸ்ரின் ஏ-40 வகையிற் சோமர்செற் எனப் பெயர்பெற்றது 1952 இல் வந்தது. 1954 இல் கேம்பிரிட்ஜ் வந்தது. குடாநாட்டிலே வைத்தியர்களும், சட்டத்தரணிகளும், மலாயாவிலே உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களும் இவற்றை வாங்கினர். பின்னர் 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடையினாற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அந்நிலை பெரிதும் நீடித்தது. இருந்த காரைப் பேணுவதே வழி என்றாயிற்று. அடுத்து வந்த காலம் இதனினும் கடியது. 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் முதலியன செல்வது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி அதன் மின்னில் வானொலி கேட்ட வீடுகள் பல. அக்காலத்தின் தெருக்களில் ஓடியவை இந்தப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களுமே. சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினை இயக்கிவிட்டுப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டன. நோயாளரை ஆசுபத்திரிக்குச் சுமந்ததும், மணமக்களைக் கோயிலுக்குக் கொண்டுசென்றதும் அவையே.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயரத் தொடங்கினர். செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கிச் சென்ற அந்தப் பெருங்கூட்டத்தில் எல்லோராலும் தம் உடைமைகளை உடன்கொண்டு செல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு திரும்பியவர்கள் கொட்டிலைத் திறந்து பார்த்தபோது கார் நின்றிருந்தால், அதுவே பெரும்பேறு. அப்போதும் கைப்பிறேக் இழுத்தபடியே நின்றிருக்கும். ஆபத்தில் வீட்டைவிட்டுப் போகிறவர் வழக்கம்போலக் கைப்பிறேக்கை இழுத்துவிட்டுத்தானே இறங்குவார்!

இனி டிறத்தின் அமைப்பை நோக்குவோம். டிறம் என்ற சொல்லுக்கு முரசு என்பது பொருள். முரசின் ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தைத் திறந்துவைத்தாற் போன்ற வார்ப்பிரும்புக் கிண்ணம் அது. சில்லோடு சேர்ந்து சுழலும். அதன் திறந்த வாய்க்கு எதிரே, அச்சோடு அசையாமற் பொருத்தப்பட்ட பின்தட்டு ஒன்று உண்டு. பின்தட்டில் இரண்டு பிறைவடிவமான சூக்கள் நிற்கின்றன. சப்பாத்து என்னும் பொருள்பட ஆங்கிலேயர் வைத்த பெயரையே நம் கராஜ்களும் சூ என்று வழங்குகின்றன. சூக்களின் வெளிமுகத்தில் லைனர் ஒட்டப்பட்டோ தறையப்பட்டோ இருக்கும். பிறேக்கை மிதித்தால் சிறு சிலிண்டர் ஒன்றிலுள்ள பிஸ்ரன் சூக்களை அகல விரிக்கும், லைனர் டிறத்தின் உட்சுவரை அழுத்தும், சில்லு நிற்கும். பிரான்சிலே லூயி றெனோ 1902 இல் இம்முறையைக் கார்களுக்கு ஏற்றதாக அமைத்தார். மைனரின் பின்டிறம் 7 அங்குல விட்டமே உடையது. சாப்பாட்டுக் கோப்பை அளவுதான். ஏறக்குறைய முக்கால் தொன் நிறையுள்ள காரை நிறுத்துவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கைப்பிறேக் பின்சில்லுகளில் மட்டுமே வேலைசெய்கிறது. மைனரிலும் ஒஸ்ரின்களிலும் அப்படியே. ஆகவே நீண்டகாலம் நின்ற காரில் முன்டிறங்களினும் பின்டிறங்களே இறுகிப்போவதன் முதற்காரணம் இதுவாகும். கைப்பிறேக் இழுத்திருக்கும்போது லைனர் டிறத்தை விடாது அழுத்திக்கொண்டிருக்கிறது. லைனர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தன்மையது. குடாநாட்டுக் காற்றோ உப்புக்காற்று. பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்கும், பொன்னாலைத் தாம்போதி வழியாகக் காரைநகருக்கும் ஓடிய கார்களின் அடிப்புறத்தைத் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் ஒழுங்கைகளில் நிற்கும் வெள்ளமும் டிறத்தினுள் புகும். இரும்பும் ஈரமும் உப்பும் கூடிய இடத்திற் கறள் பிறவாமல் வேறென்ன பிறக்கும்? கறள் தான் தின்ற இரும்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள மயிரிழை வெளியில் அது ஆப்புப்போல இறுகிவிடுகிறது.

ஆனால் டிறம் கழலவில்லை என்ற ஒரே குறைபாட்டின் பின்னால் நான்கைந்து வெவ்வேறு பிடிகள் இருக்கலாம் என்பதைப் பலர் நினைப்பதில்லை. லைனர் டிறத்தோடு கறளால் ஒட்டியிருக்கலாம். டிறத்தின் நடுத்துளை, அச்சின் முகப்பிலுள்ள வட்டமான மேட்டோடு கறளால் ஒட்டியிருக்கலாம். டிறத்தைப் பிடித்திருக்கும் இரு சிறு திருகாணிகள் இறுகியிருக்கலாம். கைப்பிறேக் வயர் தன் உறையினுள்ளே கறள்பிடித்து, நெம்பைத் தாழ்த்திய பின்னரும் சூக்களை விரித்தபடி வைத்திருக்கலாம். பின்னச்சுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி அடைபட்டு, மிதித்தபோது சென்ற பிறேக் ஒயிலைத் திரும்பவிடாமல் தடுத்திருக்கலாம். மைனரிற் பின்னச்சு முழுமைக்கும் அத்தகைய குழாய் ஒன்றேயாதலால், அது அடைபட்டால் இருபுறமும் ஒருங்கே இறுகும். பல ஆண்டு ஓடித் தேய்ந்த டிறமாயின் வேறொரு சிக்கலும் உண்டு. லைனர் உராயும் பகுதி தேய்ந்து குழிய, அது தொடாத உள்விளிம்பு தேயாமல் வரம்புபோல நின்றுவிடும். டிறத்தை வெளியே இழுக்கும்போது சூக்கள் அந்த வரம்பில் மாட்டிக்கொள்ளும். எந்தப் பிடி என்று அறியாமல் அடிப்பவன், திறப்பு எது என்று பாராமற் கதவை உடைப்பவனுக்கு ஒப்பானவன்.

ஊர்க் கராஜ்களில் மூத்த மெக்கானிக் ஒருவர், சுத்தியலோடு குனிந்து நிற்கும் பொடியனைப் பார்த்து, "தம்பி, சுத்தியலை அங்கால வை. முதல்ல கைப்பிறேக்கை விட்டனியோ?" என்று கேட்பதுண்டு. பொடியன் நாணத்தோடு எழுந்துபோய்க் கைப்பிறேக்கைத் தாழ்த்துவான். சிரிப்புக்கிடமான கேள்விபோலத் தோன்றினும், இதனினும் பயனுள்ள கேள்வி இத்தொழிலில் வேறில்லை.

வேலை தொடங்குமுன் காரை நிறுத்தும் இடத்தைப் பார்க்கவேண்டும். மணல் வளவில் ஜக்கு புதையும். ஆதலால் அடியிற் பனம்பலகை ஒன்றை இடுதல் நன்று. முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அணைகொடுக்க வேண்டும். கைப்பிறேக்கும் கியரும் விடுபட்டபின் காரைத் தடுத்து நிற்பவை இந்தக் கற்களே. சில்லு நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே சற்று இளக்கிக்கொள்ள வேண்டும். உயர்த்தியபின் அச்சின் கீழே உறுதியான தாங்கிகளை வைக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை நுழைப்பது ஆகாது. செங்கல்லும் ஆகாது, அது சொல்லாமல் நொறுங்கும். வைரம்பாய்ந்த பனங்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்குவது நம்மூர் வழக்கம். ஒழுங்காக அடுக்கினால் அது நம்பத்தக்கதே.

அடுத்தது சூக்களைச் சுருக்குதல். மைனரில் வீல் கப்பைக் கழற்றிச் சில்லைச் சுழற்றினால், சில்லிலும் டிறத்திலும் உள்ள துளை வழியாக வெட்டுள்ள ஆணித்தலை ஒன்று தெரியும். அதன் மறுபுறத்தில் நத்தை ஓடுபோலப் படிப்படியாகப் பெருக்கும் சிறு தகடு உண்டு. ஆணியை இடஞ்சுழியாகத் திருப்பினால் தகடு சுருங்கிச் சூவுக்கு இடங்கொடுக்கும். சில்லே சுழலாதபோது துளை ஆணிக்கு நேரே வருவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. அத்தகைய வேளையிற் சில்லைக் கழற்றிவிட்டு, டிறத்தின் துளை எங்கு நிற்கிறது என்று முதலிற் பார்க்கலாம். நல்லூழ் இருந்தால் நேரே நிற்கும். இல்லையேல் முதலில் ஒட்டை உடைத்துச் சிறிது சுழலச்செய்த பின்னரே அந்த ஆணி அகப்படும். ஒஸ்ரின்களிற் பெரும்பாலானவற்றுக்குச் சதுர முனையொன்று பின்தட்டின் பின்னால் நீண்டிருக்கும். காரின் கீழிருந்து ஸ்பனராற் திருப்ப வேண்டும். அந்தச் சதுரம் மென்மையானது. பொருந்தாத ஸ்பனரை இட்டு முறுக்கிச் சதுரத்தை வட்டமாக்கிவிட்டவர்கள் எண்ணிறந்தோர். கம்பித் தூரிகையாற் கறளைத் தேய்த்து, ஒயில் விட்டு, ஓரிரவு கழித்துத் திருப்புவதே உத்தமம். அத்தோடு கைப்பிறேக் வயரையும் பின்தட்டிலுள்ள நெம்பிலிருந்து கழற்றிவிட்டால், வயரின் மேலிருந்த ஐயமும் நீங்கும். இவ்வளவும் செய்தும் சில்லு இளகாவிட்டால் ஒயில் போகும் வழியைச் சோதிக்கலாம். சிலிண்டரின் பின்னுள்ள காற்றுப்போக்கும் சிறு நிப்பிளை அரைச்சுற்றுத் திறந்தால், அடைபட்டு நின்ற ஒயில் பீறிட்டு வரும். சூக்கள் உடனே இளகும். அங்ஙனம் இளகின், குழாயை மாற்றவேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

டிறத்தைப் பிடித்திருக்கும் இரு திருகாணிகளின் தலை, டிறத்தின் மட்டத்துக்கு அமிழ்ந்திருக்கும். வெட்டினுள் நிறைந்திருக்கும் கறளையும் பெயின்றையும் ஊசிமுனையாற் சுரண்டி எடுத்தபின், வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அகன்ற திருப்புளியை வைத்து, அதன் பிடியின் மேல் ஓரிரு முறை சுத்தியலாற் தட்டித் திருப்பவேண்டும். தட்டின் அதிர்வு புரிக்குள்ளே இருக்கும் கறளைப் பொடியாக்கும். தலை சிதைந்துபோனாலும் கலங்க வேண்டியதில்லை, துளைபோட்டு எடுத்துவிடலாம். சில்லு பூட்டப்பட்டபின் டிறத்தை இறுகப் பிடிப்பவை சில்லு நட்டுகளே. இந்தத் திருகாணிகள், சில்லு இல்லாதபோது டிறத்தைத் தன்னிடத்தில் நிறுத்திவைக்கும் வாயிற்காவலர் மாத்திரமே.

இனித்தான் டிறத்தின்மேற் கைவைக்க வேண்டும். நடுத்துளையைச் சுற்றியுள்ள கறளைச் சுரண்டி, ஊடுருவும் எண்ணெயை அங்கே துளிதுளியாக விடவேண்டும். கடையில் விற்கும் எண்ணெய் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயோடு சிறிது எஞ்சின் ஒயில் கலந்து விட்டனர், அதுவும் ஊடுருவும். ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எஞ்சினை ஓட்டி அக்காலத்தைக் கடத்த உதவிய அதே மண்ணெண்ணெய், பிறேக்குக்குப் பகையாகும். சிலிண்டரினுள்ளே ஒயிலைக் காக்கும் இறப்பர்க் கிண்ணங்கள் உண்டு. ஆதியில் இந்தப் பிறேக்குகளுக்கு வகுத்த நீர்மம் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் சேர்ந்தது. இறப்பர் அதனைத் தாங்கும். மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ பட்டால் அந்த இறப்பர் ஊதிப் பருத்துக் கெடும். லைனரில் ஊறினால் பிடிப்பே போய்விடும். ஆகையால் நடுத்துளையில் விடவேண்டிய சில துளிகளை, துளை வழியாக உள்ளே குடங்குடமாக ஊற்றுவது பெருந்தவறு. அப்படி ஊற்றியவர் டிறத்தைக் கழற்றியும் விடுவார். லைனரையும் இறப்பரையும் மாற்றவும் வேண்டிவரும்.

எண்ணெய் ஊறுதற்கு நேரம் வேண்டும். மாலையில் விட்டு விடியற்காலையிற் தொடுவது நல்லது. இந்தப் பொறுமை சிலருக்கு வாய்ப்பதில்லை. விமானம் ஏறும் நாள் குறித்து வந்தவர்களுக்கு அறவே வாய்ப்பதில்லை.

தட்டும் முறையும் ஒரு கலை. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்காது. ஆகையாற் டிறத்தின் விளிம்பைப் பின்னாலிருந்து வெளிநோக்கி அடித்தால் விளிம்பு பல்லுப்போல உடைந்து விழும். இரண்டு நெம்புகோல்களைப் பின்தட்டில் ஊன்றிக் கிளப்பினால் டிறம் வெளிவருவதற்கு முன் பின்தட்டு வளையும். தட்டவேண்டிய இடம் டிறத்தின் முகம். சில்லுப் போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி. மரச்சுத்தியல் அல்லது செம்புச் சுத்தியல் வேண்டும்; இல்லையேல் முதிரைக் கட்டையொன்றை இடையே வைத்துத் தட்டலாம். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட, வட்டம் சுற்றி ஒரே அளவாகப் பலமுறை தட்டுவதே கறளை உடைக்கும். அதன் பின் டிறத்தின் சுற்றுவட்டத்தில் அவ்வாறே தட்டினால் லைனரின் ஒட்டு விடும்.

தட்டும்போது காது வேலைசெய்ய வேண்டும். இணுவிலும் அளவெட்டியும் தவிற் கலைஞருக்குப் பேர்போன ஊர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தோலின் இறுக்கத்தை அங்குள்ளார் சொல்லிவிடுவர். டிறமும் அப்படியே பேசும். ஒட்டியிருக்கும்போது அதன் ஓசை மொத்தென்று மந்தமாக எழும். ஒட்டு விடத் தொடங்கியதும் ஓசையில் ஒரு கணீரென்ற சாயல் சேரும். அந்த மாற்றத்தைக் கேட்டவர் சுத்தியலை வைத்துவிட்டு இரு கைகளாலும் டிறத்தைப் பிடித்து, இடமும் வலமும் மாறிமாறி அசைத்து இழுப்பார். பெரும்பாலும் அது வந்துவிடும்.

வராவிடின் வெப்பம். வார்ப்பிரும்பு ஒவ்வொரு பாகை சென்ரிகிறேட்டுக்கும் தன் நீளத்தில் பத்திலட்சத்தில் ஏறக்குறைய 11 பங்கு விரியும். 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையொன்றை 100 பாகை சூடாக்கினால், அது ஒரு மில்லிமீற்றரின் பதினைந்தில் ஒரு பங்கு அகலும். ஒரு தலைமயிரின் தடிப்புத்தான். கறளின் பிடியை உடைக்க அதுவே பலவேளை போதும். சுடர் விளக்கை நடுத்துளையைச் சுற்றி மெல்ல ஓட்டவேண்டும். அச்சு சூடேறுமுன் டிறம் சூடேறவேண்டும் என்பதே இதன் சூக்குமம். டிறம் சிவக்கக் காய்ச்சுவது மடமை. உள்ளே இறப்பர் உண்டு, அச்சின் ஒயிற் காப்பு உண்டு, காரின் பின்புறத்திலேயே பெற்றோற் தாங்கியும் உண்டு. முதல்நாள் விட்ட எண்ணெயை முற்றாகத் துடைத்துவிட்டு, ஒரு வாளி மணலை அருகே வைத்துக்கொண்டு, கொட்டிலுக்கு வெளியில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும். ஓலைக் கொட்டிலுக்குள் சுடர் விளக்கேற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு வகையான அமைப்பும் பழைய கார்கள் சிலவற்றில் உண்டு. அவற்றில் டிறமும் நடுக்குடமும் ஒன்றாகி, கூம்புவடிவான அச்சுமுனையில் ஒரு பெரிய நட்டாற் செறிந்திருக்கும். வொக்ஸ்வாகனின் பிரசித்தமான வண்டுக் காரில் டிறம் பல்வெட்டான அச்சில் நிற்கும். அதன் 36 மில்லிமீற்றர் நட்டை இளக்க நீண்ட குழாயைப் பிடியில் நுழைத்துத்தான் ஆகவேண்டும். கூம்பு அச்சுடையவற்றைக் கையாலும் சுத்தியலாலும் கழற்ற எண்ணுவது வீண். மூன்று கால்களுள்ள இழுவைக் கருவி வேண்டும். நட்டை முழுதும் கழற்றாமல், முனையிற் சில புரிகளில் நிற்கவிட வேண்டும். கூம்பின் பிடி விடும்போது டிறம் வெடித்தாற்போலப் பாய்ந்து வரும். நட்டு நிற்பின் அங்கேயே தடுக்கப்படும். நில்லாவிடின் எதிரே குந்தியிருப்பவர் மடியில் விழும்.

எந்த முயற்சிக்கும் இணங்காத டிறமும் உண்டு. அப்போது விலை குறைந்த பொருளைப் பலியிட்டு விலை கூடியதைக் காப்பதே விவேகம். சூக்களைப் பின்தட்டோடு பிடித்திருக்கும் ஊசிகள் உள்ள அமைப்பாயின், அவற்றின் தலையைப் பின்புறத்தில் வெட்டிவிட்டால் சூக்கள் டிறத்தோடு சேர்ந்தே வந்துவிடும். சூவுக்குப் புதிய லைனர் ஒட்டிக்கொள்ளலாம். சிலிண்டரும் கிடைத்தற்கரியதன்று. மொறிஸ் மைனரின் உதிரிப்பாகங்கள் சிலவற்றை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சி 1990களில் நடந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்த அதே காலத்தில், மைனர் பிறந்த நாட்டுக்கு இந்தத் தீவிலிருந்து உதிரிப்பாகம் போயிற்று.

டிறம் கழன்றதும் உள்ளே கரிய தூள் குவிந்திருக்கும். வாயால் ஊதுவதும், காற்றுக்குழாயால் அடிப்பதும், காய்ந்த தூரிகையாற் தட்டுவதும் பலருடைய வழக்கம். அது மிகப் பொல்லாத வழக்கம். பழைய லைனர்களிற் கல்நார் கலந்திருந்தது. கல்நாரின் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலிற் தங்கி, இருபது முப்பது ஆண்டுகளின் பின்னரும் கொடிய புற்றுநோயாக வெளிப்படலாம். பிரித்தானியா 1999 இற் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. ஆயினும் அதற்கு முன் பூட்டப்பட்ட லைனர் கொட்டிலுக்குள் நின்ற காரில் இன்றும் இருக்கக்கூடும். ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையிற் கட்டி அகற்றவேண்டும். மூக்கையும் வாயையும் தக்க முகக்கவசத்தால் மறைத்தல் வேண்டும். கராஜ் வாசலிற் குழந்தைகள் வேடிக்கை பார்க்க நிற்பது வழக்கம். இந்த வேளையிற் மட்டும் அவர்களை அப்பாற் போகச்சொல்வதே நன்று.

கழன்ற டிறத்தை ஒரு கம்பியிற் தொங்கவிட்டுச் சிறு ஸ்பனராற் தட்டிப் பார்க்கவேண்டும். மணிபோல ஒலித்தால் நலம். உடைந்த சட்டிபோல ஒலித்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டு. அது எத்துணை அருமையாகக் கிடைத்த டிறமாயினும் மீளப் பூட்டலாகாது. உள்விளிம்பின் வரம்பை லேத்திற் கடைந்து நீக்கலாம். சுவர் மெலியுமளவுக்குக் கடைவது தவறு. மெலிந்த டிறம் சூடேறி வளையும். சிலிண்டரின் தூசிக்காப்பைச் சற்று விலக்கி ஈரம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். இக்காலத்துப் பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கணக்காக நின்ற காரில் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே கறள்பிடிக்கச் செய்யும். ஒரு பக்கத்தைத் திருத்தியவர் மறுபக்கத்தையும் திருத்துதல் வேண்டும். ஒரு சில்லு பிடித்து மறுசில்லு பிடியாத கார், ஈரத்தெருவில் பக்கவாட்டாகச் சுழலும்.

மீளப் பூட்டுமுன் அச்சின் முகப்பு மேட்டிற் கிறீசை விரல்நுனியால் மெல்லிதாகத் தடவிவைத்தால், அடுத்தமுறை டிறம் கையோடு வரும். லைனர் உராயும் இடத்திற் கிறீஸின் சாயலும் படலாகாது. நத்தைத் தகட்டைச் சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு படி பின்வாங்கினால் போதும். பின்னர் நிலத்தில் இறக்கி, சனநடமாட்டமில்லாத ஒழுங்கையில் நடைவேகத்தில் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிறேக்கை மிதித்துப் பார்த்த பின்னரே பெருந்தெருவுக்குச் செல்லவேண்டும். ஒரு மைல் ஓடி நின்றபின் இரு பின்சில்லுகளின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பார்ப்பது மூத்தோர் வழக்கம். ஒன்று சுட்டு மற்றையது குளிர்ந்திருந்தால், சுட்டதிற் சூ இன்னும் உராய்கிறது.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீளத் தொடங்கிற்று. அந்த இடைவெளியில் வாகனங்களின் விலை ஏறிற்று. கொட்டில்களும் பல திறக்கப்பட்டன. ஓடத்தொடங்கிய காரை மீண்டும் மாதக்கணக்காக நிறுத்திவைக்க நேர்ந்தால், கைப்பிறேக்கை இழுக்காமல், முதற் கியரிற் போட்டு, முன்சில்லுகளுக்கு இருபுறமும் கல் அணைகொடுத்து விடவேண்டும். அடுத்துக் காரை எடுப்பவர் அதனை அறியும்வண்ணம், "கைப்பிறேக் இழுக்கவில்லை, கல்லைப் பார்க்கவும்" என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதிச் சுக்கானிற் கட்டிவைப்பர்.